இடக் காதில் விழாத பதினைந்து: வன்னியில் ஒரு தாதிய மாணவியின் நிகழ்வு ஆய்வு

2020 நவம்பர். மாரி மழை வாட்டுக் கூரைச் சீற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னேரம் ஐந்தரை மணி இருக்கும். நீரிழிவு நோயாளி ஒருவரின் சீனி அளவைப் பார்த்து, டொக்டரிடம் ரெலிபோனில் கேட்டுவிட்டு, பொறுப்புத் தாதி மாஸ்க்குக்குள் இருந்தபடியே சொன்னார்: "ஃபிஃப்ரீன் யுனிற்ஸ்." இடப்பக்கத்தில் அவர் நிற்க, வலப்பக்கத்தில் ஜன்னலும் மழையுமாக நின்ற மூன்றாம் வருட மாணவி, கையிலிருந்த துண்டில் 50 என்று எழுதினாள்.

இன்சுலின் சிரிஞ்சில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு. பதினைந்து என்றால் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். ஐம்பது என்றால் சரி பாதி. துண்டைப் பார்த்து மருந்தை இழுக்கத் தொடங்கிய தாதியின் கை பாதி வழியில் நின்றது. "இதென்ன, அரை சிரிஞ் வருது?" என்று திரும்பிக் கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. நோயாளிக்கு விஷயமே தெரியாது. இரவுக்கு புட்டா இடியப்பமா என்று அவர் பக்கத்துக் கட்டிலோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மாணவிக்கு அப்போது நான் போதனாசிரியை. இந்த நிகழ்வை அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கல்லூரியின் பெயரும் வைத்தியசாலையின் பெயரும் இதில் வராது. அவற்றைச் சொல்வதால் யாருக்கும் பிரயோசனமில்லை.

படிவத்தில் விழுந்த சரி அடையாளம்

முல்லைத்தீவுப் பக்கத்து கமக்காரக் குடும்பம். பிறந்தது 1997. 2009 மே மாதம் யுத்தம் முடியும்போது பன்னிரண்டு வயது. பிறகு செட்டிகுளம் முகாம், மீள்குடியேற்றம், தகரக் கொட்டிலில் இருந்து படிப்பு, உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. வன்னியில் அந்த வயதுப் பிள்ளைகள் பாதிப்பேரின் கதை இதுதான் என்பதால், 2018இல் அவள் எங்களிடம் வந்தபோது யாரும் அதைத் துருவிக் கேட்கவில்லை.

சேரும்போது மருத்துவப் பரிசோதனை இருந்தது. அமைதியான அறை, நடுவில் ஒரு மேசை, எதிரே டொக்டர். "காது கேக்குமா?" "ஓம்." படிவத்தில் சரி அடையாளம் விழுந்தது. அவள் சொன்னது பொய் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சத்தமில்லாத அறையில், முகத்தைப் பார்த்துக் கதைக்கிற ஒருவருடைய பேச்சு ஒரு காதுக்குப் போதும். கேட்ட கேள்விக்கு அந்த அறையில் அது உண்மையான பதில்.

வாட்டு அந்த அறை மாதிரி இல்லை. மின்விசிறி, தள்ளுவண்டி, பிள்ளை அழுகிற சத்தம், நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுவது, அதற்கு மேல் மழை.

இன்சுலின் சம்பவத்துக்கு அடுத்த நாள் அவளை என் அறைக்குக் கூப்பிட்டேன். கோபத்தோடுதான் கூப்பிட்டேன், அதை மறைக்கத் தேவையில்லை.

"பிள்ளை, பதினைஞ்சு எண்டு சொன்னது உமக்கு எப்பிடி ஐம்பதாக் கேட்டது?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

"எனக்கு இடப்பக்கம் கேக்காது மிஸ்."

"எப்ப இருந்து?"

"மாத்தளனில இருந்து."

யுத்தத்தின் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுக் கரையோரப் புதுமாத்தளனில் பக்கத்து பங்கருக்கு அருகே விழுந்த செல். உடம்பில் கீறல்கூட இல்லை. காதில் மட்டும் இரத்தம் வந்தது. வெடி அதிர்வுக்கு உடம்பிலே முதலில் கிழிவது செவிப்பறைதான். அதிர்வு பலமாக இருந்தால் உள்காதும் சேர்ந்து போய்விடும். உயிரும் கைகாலும் தப்பிய பிள்ளையின் காதைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் யோசித்திருக்க முடியாது. பிறகும் யோசிக்கவில்லை. வகுப்பில் எப்போதும் இடக்கைப் பக்கத்துச் சுவரோரம் இருந்தால் வலக் காது வகுப்பைப் பார்த்திருக்கும். அப்படியே உயர்தரம் வரை வந்திருக்கிறாள்.

இரண்டரை வருடம் எங்களையும் அப்படித்தான் சமாளித்திருக்கிறாள். வாட்டுச் சுற்றில் எப்போதும் குழுவின் இடக்கோடியில் நிற்பாள். நான் அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். காதில் விழாததை உதட்டில் வாசித்திருக்கிறாள். அது தனக்கே தெரியாது என்றாள். 2020 மார்ச்சுக்குப் பிறகு எல்லோருடைய வாயும் மாஸ்க்குக்குள் போனபோதுதான், திடீரென்று எல்லோரும் ஏன் முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்தாளாம்.

அமெரிக்காவிலிருந்து வந்த பட்டியல்

எங்கள் கல்லூரியில் ஒரு தட்டச்சுப் பட்டியல் உண்டு. தாதிய மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படும் உடல், உளத் திறன்கள். மெல்லிய குரலைக் கேட்க வேண்டும், நிறங்களைப் பிரித்தறிய வேண்டும், விரல் நுனியால் நாடியை உணர வேண்டும், நீண்ட நேரம் நிற்க வேண்டும், இன்ன எடை தூக்க வேண்டும், நெருக்கடியில் உணர்வுச் சமநிலையோடு இருக்க வேண்டும். யாரோ ஒருவர் எப்போதோ வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து எடுத்து மொழிபெயர்த்தது. ஆங்கில மூலத்தில் எடை இறாத்தலில் இருந்திருக்க வேண்டும். எங்கள் தாளில் அது கிலோவாக மாறி, தசமப் புள்ளியோடு நின்றது.

இப்படியான பட்டியல்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1970களில் வட கரோலைனாவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற பெண் பதிவு பெற்ற தாதியாகப் படிக்க விண்ணப்பித்தார். ஏற்கெனவே, அதற்கு ஒரு படி கீழான நடைமுறைத் தாதியாக அனுமதி பெற்றிருந்தவர். இரண்டு காதும் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தன. கருவி போட்டாலும் உதட்டைப் பார்த்தே பேச்சை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று பரிசோதனை சொன்னது. கல்லூரி சேர்க்க மறுத்தது. மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தக் கூடாது என்ற 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்து, 1979இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கல்லூரியின் பக்கம் தீர்ப்பளித்தது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் எல்லோரும் மாஸ்க் போட்டிருக்கும்போது உதட்டை எப்படி வாசிப்பது என்ற கேள்வி அந்த வழக்கில் வந்தது. எங்கள் வாட்டில் 2020இல் வந்த அதே கேள்வி.

1990இல் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய சட்டம் வந்தது. அப்புறம் 1993இல் தென் மாநிலங்களின் பிராந்தியக் கல்விச் சபை, தாதியக் கல்விக்கான அடிப்படைச் செயல்திறன் அளவுகோல்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. சிந்தித்தல், மனிதரோடு பழகுதல், தொடர்பாடல், நடமாட்டம், கைத்திறன், கேட்டல், பார்த்தல், தொட்டுணர்தல் என்று எட்டு. பல கல்லூரிகள் அதைப் பின்பற்றின. அங்கே அது வேலையை உடைத்துப் பார்ப்பதற்கு ஒரு தொடக்கம். எங்கள் தாளுக்கு வந்து சேரும்போது வெறும் அவயவக் கணக்காக ஆகிவிட்டது. காது இருக்கிறதா, கண் இருக்கிறதா, முதுகு இருக்கிறதா.

எங்கள் நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பதிலோ கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. என் சேவைக்காலத்தில் இந்த இரண்டையும் யாரும் என் மேசைக்குக் கொண்டுவந்தது கிடையாது. நானும் தேடிப் போகவில்லை.

அளந்து பார்த்தோம்

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிக் காதைப் பரிசோதித்தோம். வலக் காது முழுக்கச் சரி. இடக் காது கடுமையான இழப்பு, பெரிய சத்தம் மட்டும் மங்கலாகக் கேட்கும். வைத்திய நிபுணர் ஒரு தாளில் தலையை வட்டமாக வரைந்து காட்டினாராம். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுக்கும் இடையிலான நேர வித்தியாசத்தையும் சத்த அளவின் வித்தியாசத்தையும் வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஒரு காது போனால் அந்தக் கணக்கு போகும். இடப்பக்கத்துப் பேச்சு தலையைச் சுற்றி வலக் காதுக்கு வரும்போது மெல்லிய மெய்யொலிகள் வழியில் தேய்ந்துவிடும். வலப்பக்கத்தில் மழையும் பெய்தால் மிச்சமிருப்பதையும் அது மூடிவிடும். ஃபிஃப்ரீனின் கடைசி 'ன்' அன்றைக்கு அப்படித்தான் தொலைந்தது.

பிறஷர் அளக்கத் தெரியாத தாதி எதற்கு என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் ஊகிக்காமல் அளந்தோம். ஒரே தலையும் இரண்டு சோடிக் காதுக் குழாயும் உள்ள போதனை ஸ்ரெதஸ்கோப் ஒன்று எங்களிடம் இருந்தது. அவளும் நானும் ஒரே நேரத்தில் கேட்டு, காட்டாமல் எழுதி, பிறகு தாள்களைச் சேர்த்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. இருபது நோயாளிகள். பட்டியில் காற்றை இறக்கும்போது முதல் தட்டு எந்த இடத்தில், கடைசித் தட்டு எந்த இடத்தில். பதினெட்டுப் பேரில் எங்கள் இருவருக்கும் 4 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. இரண்டு பேரில் வந்தது. மூன்றாவது ஆளாக இன்னொரு போதனாசிரியையைக் கூப்பிட்டு அளந்தோம். இரண்டிலும் பிழை என்னுடையது.

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. வேலையில் சேர்ந்தபோது பார்த்த காதுதான், பிறகு ஒருவரும் பார்க்கவில்லை.

ஸ்ரெதஸ்கோப் ஒலியைக் குழாய் வழியே நேராகக் காதுக்குள் கொண்டுபோகிறது, திசை அதில் தேவையில்லை. ஆகவே பட்டியல் பயந்த இடத்தில் பிரச்சினை இல்லை. பிரச்சினை இருந்த இடம் இரவு வாட்டு. சுவரோரம் இரண்டு வரிசைக் கட்டில், மங்கலான வெளிச்சம். "மிஸி..." என்று ஒரு குரல். இரண்டு காது உள்ளவர் தலையைத் திருப்பாமலே எந்தக் கட்டில் என்று அறிவார். இவளுக்குக் குரல் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. இடப்பக்கத்துக் கிழவர் கூப்பிட்டால் வலப்பக்க வரிசைக்குப் போய் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்ப்பாள். கிழவர் இங்கே ஏசிக்கொண்டிருப்பார். இதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

திடமான பிள்ளை

இதுவரை சொன்னது காதின் கதை. எனக்கு உறுத்துவது அடுத்த பகுதி.

முதல் வருடத்தில், வாட்டுக்கு வந்த மூன்றாவது கிழமை, விடியப்புறம் ஒரு முதியவர் இறந்தார். கூட நின்ற இரண்டு மாணவிகள் அழுதார்கள், ஒருத்தி வெளியே ஓடினாள். இது வழக்கம்தான். இவள் அழவில்லை. கண்ணை மூடி, தாடையைக் கட்டி, உடம்பைத் துடைத்து, கைகால்களை நேராக்கி, வெள்ளைத் துணியை மடிப்பு விழாமல் இழுத்துவிட்டாள். பிறகு போய், வெளியே நின்ற மகளின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். இதெல்லாம் நாங்கள் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே பழகினாள் என்று நான் கேட்கவும் இல்லை. அவளுடைய மதிப்பீட்டுத் தாளில் உணர்வுச் சமநிலை என்ற கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதிவிட்டு, மற்றப் பிள்ளைகளிடம் அவளைப் பார்த்துப் பழகுங்கோ என்றும் சொன்னேன்.

காதைப் பற்றிக் கதைத்த அதே நாளில், போகப்போனவள் வாசலில் நின்று திரும்பி, "வேற ஒண்டும் இருக்கு மிஸ்" என்றாள்.

நித்திரை இல்லை. பதினொரு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழும்பிவிடுவாள். கனவு காண்கிறாயா என்று கேட்டேன். இல்லையாம். எழும்பி எண்ணுவாளாம். கடைசி மாதங்களில் ஒவ்வொரு தடவை இடம் மாறும்போதும், பங்கருக்குள் இறங்கும்போதும், அம்மா, இரண்டு தம்பிமார், அம்மம்மா எல்லோரையும் எண்ணுவது அவளுடைய வேலை. அப்பா அதை அவளிடம் ஒப்படைத்திருந்தார். ஒரு நாள் எண்ணிக்கை குறைந்தது. யார் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. இந்த முறை கேட்காமல் விட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

விடுதியில் மூன்று மணிக்கு எழும்பி அறையில் படுத்திருப்பவர்களை எண்ணுவாள். கூட இருந்தவர்கள் தண்ணீர் குடிக்க எழும்புகிறாள் என்று நினைத்திருந்தார்கள். இரவு டியூட்டியில் மணிக்கு ஒரு தடவை கட்டில்களை எண்ணுவாள், முகத்தைப் பார்ப்பாள், மூச்சைப் பார்ப்பாள். வாட்டுச் சிஸ்டர் அவளைப் போல இரவு டியூட்டி செய்யக்கூடிய மாணவியை நான் கண்டதில்லை என்று எழுதியே தந்திருந்தார். ஒரு தடவை இப்படி எண்ணிப் போகும்போதுதான் மூச்சு மாறியிருந்த ஒருவரைக் கண்டுபிடித்து டொக்டரை எழுப்பியிருக்கிறாள். வருத்தமும் வேலையும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தால் அதைப் பிரிக்கிறது லேசான காரியமில்லை.

அந்த நவம்பர் சம்பவத்துக்கு முன்னர் அவள் தொடர்ந்து நாலு இரவு டியூட்டி செய்து, பகலிலும் தூங்காமல் இருந்திருக்கிறாள். இதையும் அப்போதுதான் அறிந்தேன். ஐம்பது என்று எழுதியதில் காதுக்கு எவ்வளவு பங்கு, நித்திரைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. காதை மறைத்தாள், ஏனென்றால் தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நித்திரையையும் அதே காரணத்துக்காக மறைத்தாள். முந்தியதற்குச் சரி அடையாளம், பிந்தியதற்கு 'மிக நன்று'. இரண்டாவதை எழுதியது நான்.

கூட்டம்

அவளை நிறுத்துவதா வைத்திருப்பதா என்று ஒரு கூட்டம் நடந்தது. ஒன்றரை மணித்தியாலம். தேநீரும் பால்பணிசும் வந்தன, யாரும் தொடவில்லை.

நோயாளியின் உயிரோடு விளையாட ஏலாது என்றார் ஒருவர். அதற்கு மறுப்புச் சொல்ல யாராலும் முடியாது, அதனாலேயே அந்த வசனத்தைச் சொன்னவுடன் கூட்டம் முடிந்துபோன மாதிரி இருந்தது. பொறுப்பிலிருந்தவருடைய கவலை வேறு: "நாளைக்கு ஒண்டு நடந்தா ஆர் கையெழுத்து வைக்கிறது?" இதை நான் சின்னத்தனம் என்று சொல்லமாட்டேன். அந்தக் கதிரையில் இருந்தால் எனக்கும் அதுதான் முதலில் வந்திருக்கும்.

நான் இரண்டு விஷயம் சொன்னேன். இருபது பேரின் பிறஷர் தாளை மேசையில் வைத்தேன், என் பிழை இரண்டையும் சேர்த்து. அடுத்தது, அந்த நாளின் பிழையை அவள் தலையில் மட்டும் கட்ட ஏலாது என்றேன். இன்சுலின் அளவை வாயால் சொல்லி ஒரு மாணவியின் துண்டுக்கடதாசி வழியாக அனுப்பியது யார்? திருப்பிச் சொல்லும்படி ஏன் கேட்கவில்லை? பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் குழம்பும் என்பது மருந்துப் பாதுகாப்பு படித்த எல்லோருக்கும் தெரியும். 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்வது அதற்காகத்தான். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறவரும் அந்த மழையில் ஐம்பது என்று எழுதியிருக்கலாம்.

சத்திரசிகிச்சைக் கூடத்தைப் பற்றிக் கடுமையாகக் கதைத்த சக ஆசிரியை ஒருவர் சொன்னதில் உண்மை இருந்தது. எல்லோரும் மாஸ்க், தாழ்ந்த குரல், சத்திரசிகிச்சைக் கருவியின் பெயர் ஒரு தடவைதான் சொல்லப்படும். பயிற்சிக்குரிய நாட்களை வலக் காது சத்திரசிகிச்சை நிபுணரின் பக்கம் இருக்கும்படி நின்று முடிப்பது, பின்னர் அந்தப் பிரிவில் நிரந்தர நியமனம் கேட்பதில்லை என்று முடிவானது. அவள் அதற்கு உடனே சம்மதித்தாள். சம்மதிக்காத விஷயம் ஒன்றும் இருந்தது. நெஞ்சில் குத்துகிற பெயர்த் தகட்டில் காது பற்றிய ஒரு அடையாளம் போடலாம் என்று நல்ல மனத்தோடுதான் ஒருவர் சொன்னார். "நான் வாயால சொல்லுறன் மிஸ். மாட்டிக்கொண்டு திரியமாட்டன்."

நடைமுறைக்கு வந்தது

வாயால் சொல்வது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு டியூட்டி தொடக்கத்திலும் கூட வேலை செய்பவர்களிடம் "எனக்கு இடப்பக்கம் கேக்காது, வலப்பக்கம் வந்து சொல்லுங்கோ" என்று சொல்ல வேண்டும். முதல் கிழமை நான் பக்கத்தில் நின்றேன். முதல் நாள் அவள் சொன்னது எனக்கே கேட்கவில்லை. மூன்றாம் கிழமை, புதிதாக வந்த சிங்கள டொக்டரிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, அவரைத் தோளில் தொட்டு வலப்பக்கத்துக்கு நகர்த்தியதைக் கண்டேன்.

வாயால் வரும் எந்த அளவையும் திருப்பிச் சொல்வது என்ற பழக்கத்தை அந்த வாட்டில் எல்லோருக்குமாகக் கொண்டுவந்தோம். இது கிளிப்பிள்ளை விளையாட்டு என்று மூத்த தாதி ஒருவர் சலித்துக்கொண்டார். ஆனால் திருப்பிச் சொல்லும்போது பிடிபட்ட பிழைகளில் இவளுடையவை மட்டும் இருக்கவில்லை.

இடக் காதுக்கு வரும் ஒலியை வலக் காதுக்கு அனுப்புகிற கருவி ஒன்று இருக்கிறது. அதன் விலையைக் கேட்டுவிட்டு அந்தக் கதையை அத்தோடு விட்டோம்.

இரவில் கூப்பிடுவதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. மணி வைக்கலாம் என்றார்கள். மணியும் ஒலிதானே, திசை தெரியாது. கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். துணைக்கு நிற்பவர்களிடம் போன் இருக்கிறது, போனில் ரோச் இருக்கிறது. "என்னைக் கூப்பிடாதேங்கோ, முகட்டுக்கு லைற் அடியுங்கோ" என்று ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொல்லிவைத்தாள்.

நித்திரைக்கு உளநலப் பிரிவுக்கு அனுப்பினோம். சில மாதம் மருந்து, பிறகு நீண்ட நாள் உளவளத்துணை. இரவு டியூட்டி தொடர்ந்து இரண்டுக்கு மேல் போடுவதில்லை என்று நேர அட்டவணையில் ஒழுங்கு செய்தோம். யுத்தம் முடிந்த நாளான மே பதினெட்டாம் திகதி லீவு கேட்பாள், அதைக் காரணம் கேட்காமல் கொடுப்பது என்று சிஸ்டரோடு பேசிவைத்தேன். எண்ணுவதை நிறுத்தச் சொல்லி உளவளத்துணையாளர் சொல்லவில்லையாம். எண்ணி முடிந்ததும் திரும்பிப் படுக்கப் பழகச் சொன்னாராம். அது எனக்குப் பிடித்திருந்தது.

முதுகைப் பற்றி ஒரு பக்கக்குறிப்பு

அதே வகுப்பில் நல்ல உயரமும் தோளும் உள்ள ஒரு மாணவன் இருந்தான். பட்டியலில் உள்ள எதிலும் அவனுக்குக் குறையில்லை. இரண்டாம் வருடத்தில், பாரிசவாதத்தால் விழுந்த ஒருவரைக் கட்டிலில் மேலே இழுக்கத் தனியாகவே தூக்கி, முதுகு பிடித்து இரண்டு கிழமை படுத்தான்.

ஒருவர் கையால் நோயாளியைத் தூக்குவதற்கு 16 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2007இல் கணக்குப் போட்டார்கள். எழுபது கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே பதினொரு கிலோவுக்கு மேல் வரும். அப்படியென்றால் முழு ஆளைத் தனியாகத் தூக்குகிற திறன் என்று ஒன்று மனித முதுகுக்குக் கிடையாது. எங்கள் வாட்டுகளில் தூக்கும் இயந்திரம் இல்லை. இருப்பது ஒரு கட்டில் விரிப்பு, இரண்டு பக்கமும் இரண்டு பேர், எண்ணிச் சேர்ந்து இழுப்பது. சோதிக்க வேண்டுமானால், எவ்வளவு தூக்குவாய் என்பதைவிட, தூக்குவதற்கு முன் இன்னொருவரைக் கூப்பிடுவாயா என்று சோதிக்கலாம். அந்தப் பையன் கூப்பிடவில்லை. ஆண்பிள்ளை கூப்பிட்டால் வெட்கமாம். அவனுடைய தகுதியைப் பற்றி யாரும் கூட்டம் போடவில்லை.

பிறகு

அவள் மூன்று வருடத்தையும் முடித்து, இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்து, வன்னிக்குள்ளேயே ஒரு வைத்தியசாலைக்குப் போனாள். நேர்முகத்தில் காதைப் பற்றித் தானே சொன்னாளாம். எதிரே இருந்தவர் "பரவாயில்லை, எங்களுக்கு ஆக்கள் காணாது" என்றாராம். எனக்கு அந்தப் பதில் முழுத் திருப்தியில்லை. ஆள் பற்றாக்குறை தீர்ந்த பிறகு என்ன சொல்வார்கள் என்று தோன்றியது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்ற பின், போன வருடம், எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர் சலம் போகாமல் அந்த வைத்தியசாலையில் மூன்று நாள் இருந்தார். பார்க்கப் போனேன். அவருடைய மனைவி கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து இருந்தபடி, இரவு மிஸிமாரைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருத்தி நல்ல ஏச்சாம், ஒருத்தி போனோடையாம்.

"மற்றது ஒரு பிள்ளை இருக்கிறா ரீச்சர். கூப்பிட்டா வரமாட்டா. முகட்டுக்கு லைற் அடிச்சாப் பறந்து வருவா. ஆனா அவவின்ர டியூட்டியில கூப்பிடவும் தேவையில்லை, மணிக்கு ஒருக்கா வந்து எட்டிப் பாத்துக்கொண்டுதான் நிப்பா. என்னையும் சேத்தெல்லோ எண்ணுறா, கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு."